ஒரே மானியம், இரண்டு ஊர்: பழனி வீட்டுக்குப் பொருந்துவது கொடைக்கானல் வீட்டுக்குப் பொருந்துமா?

வீட்டைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற அரசு பணம் தருகிறது என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, “எவ்வளவு கிடைக்கும்?” என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “நம்ம வீட்டுக்கு எது தேவை?”

இந்த வித்தியாசம் நன்றாகப் புரிய வேண்டுமென்றால் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்த்தால் போதும். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் பழனி. அதே மலையின் உச்சியில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். மாவட்டம் ஒன்று, மின்வாரியம் ஒன்று, மானியமும் ஒன்று. ஆனால் கீழே மின்விசிறி ஓடாமல் தூங்க முடியாது. மேலே வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே திட்டம் ஒரே பலனைத் தருமா?

சூரிய மின்சாரம்: எவ்வளவு மானியம்?

இப்போது வீடுகளுக்குக் கிடைக்கும் பெரிய தொகை ‘பிரதமரின் சூர்ய கர்’ திட்டத்தில்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். நாடு முழுவதும் ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்துவது இலக்கு. திட்டக் காலம் 2026-27 நிதியாண்டு வரை.

மானியக் கணக்கு எளிது. முதல் 2 கிலோவாட் வரை, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000 ரூபாய்தான் உச்ச வரம்பு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுப் பயன்பாட்டுக்குப் போடுவதாக இருந்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியவை சில:

* மானியம் முன்பணம் அல்ல. தகடு பொருத்தி, மின்வாரியம் சோதித்து, இணைப்புக் கொடுத்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை பணத்தை நீங்கள்தான் போட வேண்டும். இதற்கென வங்கிகளில் பிணையில்லாக் கடன் உண்டு.
* வீடும் கூரையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மின் இணைப்பும் வேண்டும்.
* தகடு இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். பொருத்தும் நிறுவனம் திட்டத்தில் பதிவு செய்ததாக இருக்க வேண்டும்.
* முதல் 2 கிலோவாட் வரை, மத்திய அரசு ஒரு கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் செலவாகும் என்று வைத்து, அதில் 60 சதவீதத்தைத்தான் மானியமாகக் கணக்கிட்டது. நிறுவனம் அதற்கு மேல் விலை சொன்னால், கூடுதல் தொகை உங்கள் பாடு.

மலைப் பிரதேசத்துக்குக் கூடுதல் மானியம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், வடகிழக்கு மாநிலங்கள் போன்ற சிறப்பு வகை மாநிலங்களுக்கு 10 சதவீதம் கூடுதல் உண்டு. அது மாநிலத்தை வைத்துத்தான். மலையை வைத்து அல்ல. அதனால் கொடைக்கானலுக்குப் பழனிக்கு உள்ள அதே தொகைதான்.

பழனி வீட்டின் கணக்கு

தமிழ்நாட்டுச் சமவெளியில் 1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 480 யூனிட்.

பிரிட்ஜ், ஏ.சி., மோட்டார் என்று இரண்டு மாதத்துக்கு 500, 600 யூனிட் ஓடும் வீட்டுக்கு இது நல்ல கணக்கு. காரணம், தமிழ்நாட்டில் மின்கட்டணம் அடுக்கு அடுக்காக ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்கின் விலையும் சேர்ந்து கூடிவிடுகிறது. சூரியத் தகடு முதலில் வெட்டுவது அந்த விலை உயர்ந்த மேல் அடுக்கைத்தான்.

பகலில் வீட்டில் ஆள் இல்லையே என்ற கவலை வேண்டாம். வீட்டு இணைப்புகளுக்கு ‘நெட் மீட்டர்’ வசதி இருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியத்துக்குப் போகும். இரவில் நீங்கள் எடுப்பதில் அது கழிக்கப்படும். கட்டண விதிகள் அவ்வப்போது மாறுவதால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் பிரிவு அலுவலகத்தில் (மக்கள் பேச்சில் ‘ஈ.பி. ஆபீஸ்’) ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால், பழனியிலும் எல்லா வீட்டுக்கும் இது லாபமில்லை. 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு மின்விசிறி, மூன்று விளக்கு, ஒரு டி.வி. உள்ள வீட்டுக்குக் கட்டணமே பெரும்பாலும் பூஜ்ஜியம்தான். “பில்லே வரல, எதுக்குங்க தகடு?” என்று அந்த வீட்டுக்காரர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மானியம் போக மீதித் தொகையை அவர் எந்த மிச்சத்திலிருந்து திருப்பி எடுப்பார்?

கொடைக்கானல் வீட்டின் கணக்கு

“மேகமூட்டத்துல தகடு எப்படி வேலை செய்யும்?” என்பது மலையில் வழக்கமாகக் கேட்கும் சந்தேகம். பாதி உண்மை. மூடுபனியும் மேகமும் சூழ்ந்த நாளில் உற்பத்தி வெகுவாகக் குறையும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை அப்படி நாட்கள் அதிகம்.

மறுபாதியும் இருக்கிறது. சூரியனை ஆராய்வதற்கென்றே 1899-ல் ஆங்கிலேய அரசு கொடைக்கானலில் ஓர் ஆய்வகத்தை அமைத்தது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். ‘எவர்ஷெட் விளைவு’ என்று இன்றும் அவர் பெயரால் அது அழைக்கப்படுகிறது. உயரமான இடம், தூசி குறைந்த காற்று, பனிக்காலம் முடிந்த பின் வரும் தெளிவான வானம் ஆகியவைதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம். அதோடு, சூரியத் தகடு வெப்பம் கூடக்கூடத் திறன் குறையும் பொருள். குளிர்ந்த இடத்தில் வெயில் அடிக்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? நிழலில். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத கூரை வேண்டும். சரிவில் கட்டிய வீட்டின் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் மரம் என்றால் பாதி நாள் வெயில் கிடைக்காது. நிழல் விழுகிறது என்று மரத்தை வெட்டவும் முடியாது. 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். அதனால் மலையில் தகடு போட நினைப்பவர்கள் விலை கேட்கும் முன், காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் கூரையில் எங்கெல்லாம் நிழல் விழுகிறது என்று டிசம்பரிலும் ஏப்ரலிலும் பார்த்துவிடுவது நல்லது.

மலையில் மின்சாரம் எங்கே போகிறது?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வாளி என்பது 20 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்குத் தினம் ஒரு வாளி வெந்நீர். கொடைக்கானலில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதை 40 டிகிரிக்குக் கொண்டுபோக வாளிக்கு 0.58 யூனிட் ஆகும். நான்கு வாளி, 60 நாள் என்றால் சுமார் 140 யூனிட்.

அதாவது, அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் குளிக்கிற தண்ணீருக்கே போதாது. கெய்சரிலும் குழாயிலும் வீணாகும் வெப்பம் இந்தக் கணக்கில் இல்லை. பழனியில் இதே கணக்குப் போட்டால், தண்ணீரே 27 டிகிரி இருப்பதால் பாதிதான் வரும். வருஷத்தில் பாதி நாள் அங்கே பச்சைத் தண்ணீரே போதும்.

ஆக, கொடைக்கானல் வீட்டுக்கு முதலில் வேண்டியது விளக்கு எரிக்கும் தகடு அல்ல. தண்ணீர் சுட வைக்கும் சூரிய வெந்நீர்க் கலன். 100 லிட்டர் கலன் ஒரு கெய்சருக்கு மாற்றாக இருந்து, ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சப்படுத்தும் என்பது மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை சொன்ன கணக்கு.

இதற்கு மானியம் உண்டா? ஒரு காலத்தில் இருந்தது. 2010-ல் தொடங்கிய தேசிய சூரிய இயக்கத்தின் கீழ் வெந்நீர்க் கலன்களுக்கு மத்திய மானியம் கிடைத்தது. 2014-ல் அது நிறுத்தப்பட்டது. சூர்ய கர் திட்டத்தில் வெந்நீர்க் கலன் சேர்க்கப்படவில்லை. குளிர் பிரதேசத்து வீட்டுக்கு எது அதிகம் உதவுமோ, அதற்கு இன்று மத்திய மானியம் இல்லை.

சொந்தச் செலவில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஏரியைச் சுற்றியுள்ள பள்ளமான பகுதிகளில் உறைபனி விழும். செப்புக் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கலாம். உறையாத திரவம் ஓடும் வகையா, உறைபனியைத் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். சமவெளிக் கடையில் மலிவாகக் கிடைப்பது மலைக்கு ஒத்துவராமல் போகலாம்.

விறகடுப்பு ஏன் அணையவில்லை?

கெய்சர் இல்லாத வீடுகளில் வெந்நீருக்கு வழி விறகு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, மலைக் கிராமம், நகரின் ஓரத்து வீடு எதிலும் வெளியே ஓர் அண்டாவும் மூன்று கல்லும் இருக்கும். வசதி கொஞ்சம் கூடினால் செம்பு பாய்லர்.

2016 மே 1-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு வைப்புத்தொகை இல்லாமல் கேஸ் இணைப்பு கிடைக்கிறது. அந்தப் பயனாளிகளுக்கு 2023 அக்டோபரிலிருந்து சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2007-ல், மாநில அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. எனவே அடுப்படியில் கேஸ் வந்துவிட்டது. ஆனால், “சோறு கேஸ்ல, வெந்நி விறகுல” என்பதுதான் பல மலை வீடுகளின் நடைமுறை. அடுப்பு சமைக்க மட்டுமல்ல, குளிர்காயவும் துணி உலர்த்தவும் வேண்டியிருக்கிறது. சிலிண்டரை வெந்நீருக்குச் செலவழித்தால் மாசத்துக்கு ஒன்று போதாது.

விறகு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். 2013-ல் 608.95 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்த மலையின் இயல்பான காடு சோலையும் புல்வெளியும். மழையை வாங்கி வைத்து, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுபவை அவைதான். ஆங்கிலேயர் காலம் தொட்டு நடப்பட்ட தைல மரம், பைன், சீகை எனப்படும் வாட்டில் ஆகியவை புல்வெளிகளை விழுங்கி நிற்கின்றன. விறகுக்கு வாட்டில் போனால் காட்டுக்குப் பெரிய நஷ்டமில்லை. சோலை மரம் போனால் திரும்ப வளரத் தலைமுறைகள் ஆகும்.

இந்த இடத்தில்தான் மானியத்தின் முரண் தெரிகிறது. விறகு எரிக்கும் வீட்டின் மின்கட்டணம் பூஜ்ஜியம். அதனால் சூரியத் தகடு அந்த வீட்டுக்கு எதையும் மிச்சப்படுத்தாது. காட்டைக் காப்பாற்ற எந்த வீட்டில் மாற்றம் வர வேண்டுமோ, அந்த வீட்டை அதிக மானியம் உள்ள திட்டம் எட்டவே இல்லை.

மழைநீர்: குழியா, தொட்டியா?

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பை அரசு 2003-ல் கட்டாயமாக்கியது. இதற்கு மானியம் இல்லை, கடமை மட்டும்தான்.

பழனி, மலையின் மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கூரைத் தண்ணீரைக் குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குவது சரி. கிணறும் ஆழ்துளைக் கிணறும் பலன் பெறும்.

கொடைக்கானலில் அதே குழியைச் செங்குத்துச் சரிவின் விளிம்பில் வெட்டுவது ஆபத்து. மண்ணுக்குள் தண்ணீர் ஊறி எடை கூடினால் சரிவு பிடிமானம் இழக்கும். மலையில் ஏற்றது தொட்டிதான். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஆண்டுக்கு 75,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 60,000 லிட்டர் கையில். அவ்வளவையும் தேக்க முடியாது. ஆனால் 2,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தாலே, மழை மாதங்களில் கழிப்பறைக்கும் துவைப்பதற்கும் குழாய்த் தண்ணீரை நம்ப வேண்டியதில்லை. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

மலைக்குப் பொருத்தமாக வந்த ஊக்கத்தொகை ஒன்று உண்டு. காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் டாஸ்மாக் திட்டம். உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. பிறகு கொடைக்கானல் உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் வந்தது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல், கொடுக்கும்போது திரும்ப. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும், பொறுக்கிக் கொடுப்பவருக்குப் பணம். சொந்தக் கூரையும் கேட்காது, வங்கிக் கணக்கும் கேட்காது.

பிளாஸ்டிக்குக்கு இதே போன்ற தண்டனை முறை இருக்கிறது. 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர், குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை.

மட்கும் குப்பையில்தான் மலைவாசிகளுக்குத் தனிச் சிரமம். பழனியில் இரண்டு மாதத்தில் மட்கும் காய்கறிக் கழிவு, குளிரில் அதைவிட வெகுநாள் எடுத்துக்கொள்ளும். திறந்து வைத்தால் காட்டுமாடும் காட்டுப்பன்றியும் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மூடியுள்ள கறுப்பு டிரம்மை வெயில் படும் சுவரோரம் வைத்து, ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை சேர்த்தால் வேகம் கூடும்.

யார் எதைச் செய்யலாம்?

* பழனியில் சொந்த வீடு, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்கு மேல்: 2 அல்லது 3 கிலோவாட் சூரியத் தகடு. மானியம் முழுமையாகப் பயன்படும் வீடு இதுதான்.
* கொடைக்கானலில் சொந்த வீடு, கெய்சர் உண்டு: முதலில் சூரிய வெந்நீர்க் கலன். கூரையில் நிழல் இல்லையென்றால் அடுத்து 1 அல்லது 2 கிலோவாட் தகடு.
* விறகு எரிக்கும் வீடு: உஜ்வாலா இணைப்பு இல்லையென்றால் கேஸ் ஏஜென்சியில் விண்ணப்பம். வெந்நீருக்கு, பக்கத்து வீடுகள் நான்கைந்து சேர்ந்து ஒரு பொது வெந்நீர்க் கலன் போட முடியுமா என்று சுயஉதவிக் குழுவில் பேசிப் பார்க்கலாம்.
* வாடகை வீடு: கூரை உங்களுடையது அல்ல, ஆனால் விளக்கும் கெய்சரும் உங்கள் கையில். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. கெய்சரை இரவெல்லாம் போட்டு வைக்காமல் குளிக்கும் முன் மட்டும் போடுங்கள்.
* தோட்டம் உள்ள வீடு: பழனி மலைப் பாதுகாப்புக் குழு 1985 முதல் இயங்குகிறது, நாட்டு மரக் கன்றுகளை வளர்த்துத் தந்த அமைப்பு. வேலியோரம் வாட்டிலுக்குப் பதில் சோலை மரம் வைக்கலாம்.

மேலே உள்ள வீட்டின் விறகும் கழிவுநீரும் மேலேயே நின்றுவிடுவதில்லை. பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்குத் தண்ணீர் வருவது இந்த மலையிலிருந்துதான். பழனி வட்டாரத்து வயலும் குடமும் அதை நம்பி இருக்கின்றன. ஆகவே கொடைக்கானலில் ஒரு குடும்பம் விறகை விட்டு வெந்நீர்க் கலனுக்கு மாறினால் பலன் பழனிக்கும் உண்டு. அந்த மாற்றத்துக்கு இன்று மானியம் இல்லை. உள்ளாட்சிக் கூட்டத்திலும் கிராம சபையிலும் மலைவாசிகள் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை அதுவாக இருக்கலாம்: எங்கள் குளிருக்கு ஏற்ற திட்டம் கொடுங்கள்.